குருநாதன் பூத்த மழைக்காலம்

ஊசிமட்டத்தில் ஆனி மாதத்து மழை பிடித்துக்கொண்ட வாரத்தில், தேயிலைக்கு மருந்தடிக்கும் குருநாதனின் இடது தோளில் பூசணம் பூத்தது. முதலில் கொசு கடித்த தடிப்பு அளவுக்கு இருந்தது, பிறகு ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, பிறகு ஒரு சின்ன இட்லி அளவுக்கு. அரிக்கவில்லை, வலிக்கவில்லை, தேய்த்துக் குளித்தால் போய்விட்டு, விடிவதற்குள் மெத்தென்று திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் மனைவி சிந்தாமணி மஞ்சளை அரைத்துப் போட்டாள், வேப்பெண்ணெய் தடவினாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த ரோஸ் களிம்பைப் பூசினாள். பூசணம் எல்லாவற்றையும் வஞ்சகமில்லாமல் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் வளர்ந்தது.

எங்கள் ஊரில் யாரும் இதற்குப் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. மழை தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் பூக்காதது எது? தோல் செருப்பு பூக்கும், கல்யாண ஆல்பம் பூக்கும், சாமி படத்துக்குப் பின்னால் சுவர் பூக்கும், பீரோவுக்குள் மடித்து வைத்த பட்டுச்சேலை மடிப்பு மடிப்பாகப் பூக்கும், ஊறுகாயை மூடி வைத்துவிட்டுத் திரும்பினால் அதுவும் பூத்து நிற்கும். மனுசன் ஒருவன்தான் பாக்கியிருந்தான், அவனும் பூத்துவிட்டான், அவ்வளவுதான். நோய் என்று சொல்லலாமென்றால் அவருக்கு ஒரு காய்ச்சல் தலைவலி இல்லை. அதனால் “குருநாதன் பூத்திருக்கிறார்” என்றே சொல்லிப் பழகிக்கொண்டோம். மஞ்சள் தண்ணி ஊற்றப் பச்சை ஓலை கட்டலாமா என்று டீக்கடை மாசானம் கேலி பேசினார், எல்லோரும் சிரித்தோம், குருநாதனும் சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவையோ என்னவோ, அந்த அளவுக்கு வாயில்லாப் பூச்சி அவர்.

அவருக்கு ஏன் பூத்தது என்று எங்களுக்கு ஓரளவு தெரியும். எஸ்டேட்டில் முன்பு அடித்த மருந்து நாற்றமடிக்கும், கண்ணெரியும், அடித்த மறுநாள் ஓடைமீன் மல்லாந்து மிதக்கும். அதை நிறுத்திவிட்டு, பூச்சியைக் கொல்லும் பூசணத்தையே மாவாக்கிப் பொட்டலம் கட்டி அனுப்பினார்கள். தண்ணீரில் கரைத்து அடிக்க வேண்டும். அது மருந்தில்லை, விதை. பூச்சியின் மேல் விழுந்து முளைத்து, ஓட்டைத் துளைத்து உள்ளே போய், இருந்து சாப்பிட்டு, கடைசியில் வெளியே வந்து பூக்கும். குருநாதன் அந்த விதையை முதுகில் சுமந்து இத்தனை காலம் மலை மலையாகத் தூவினார். ஒரு விதைக்கு வழி தப்பிவிட்டது.

அந்தப் பொட்டலங்கள் வந்த பிறகு எங்கள் தோட்டமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கொழுந்து பறிக்கப் போன பெண்கள் இலையைத் திருப்பினால், ஒரு வண்டு வெள்ளைப் பஞ்சுக்குள் சுருண்டு கிடக்கும். செடியின் தூரில் மண்ணைக் கிளறினால், ஒரு புழு பச்சை மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருக்கும். ஒரு எறும்பு உயரக் கிளையின் நுனிக்கு ஏறி, இலை நரம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு செத்திருக்கும், அதன் கழுத்திலிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஒரு குச்சி தீக்குச்சி போல முளைத்து நிற்கும். பொட்டலத்தில் வந்ததைப் பார்த்து, காட்டில் ஏற்கனவே இருந்ததெல்லாம் தைரியம் வந்து வெளியே வந்துவிட்டது போல, ரோஸ் வந்தது, கத்தரிப்பூ வந்தது, வெங்காயச் சருகு வந்தது. பெண்கள் அவற்றைச் சேலை நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொன்னார்கள். “மேல்மலையில ஒரு மாம்பழ மஞ்சள் பார்த்தேன் மதினி, ஜரிகை வச்ச மாதிரி” என்பார்கள்.

நிறம் எத்தனை இருந்தாலும் வகை மூன்றுதான் என்று நாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தோம். இருக்கிறது, இறங்குறது, ஏறுறது. வெள்ளை பூத்த பூச்சி இருந்த இடத்திலேயே விறைத்து உட்கார்ந்துவிடும், அது இருக்கிற வகை. பச்சை பூத்தது மண்ணுக்குள் போய் அடங்கும், அது இறங்குற வகை. ஆரஞ்சுதான் ஏறுற வகை. அது பூச்சியின் புத்திக்குள் புகுந்துகொண்டு, ஏறு ஏறு என்று துரத்தி உச்சிக்குக் கொண்டுபோய், கடித்த பிடியை விடாமல் நிறுத்தி, கழுத்தை உடைத்து முளைத்து, கீழே உள்ள கூட்டத்தின் மேலெல்லாம் விதையைக் கொட்டும். எறும்பென்றால் ஒரு புதருக்குக் கொட்டும். குருநாதன் மாதிரி ஆறடி மனுசன் ஊருக்கு மேலே நிற்கும் ஊசிப்பாறையின் உச்சியில் போய் முளைத்தால் ஊருக்கே கொட்டுமே, ஊரே பூத்துவிட்டால் சோறு ஆக்குவது யார் என்று மாசானம் கேட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே குருநாதன் எந்த வகை என்று தெரிய வேண்டியிருந்தது. ஏறுற வகையென்றால் அவரைக் கீழ்நாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கோயில் கமிட்டியில் பேசினார்கள், அங்கே ஏறுவதற்கு என்ன இருக்கிறது, மிஞ்சிப்போனால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அந்தத் தம்பி வீட்டு வாசலில் குருநாதன் கால் வைத்து வருசக்கணக்காகிறது, அவர்கள் பேச்சுவார்த்தை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் பேசினார்கள். சிந்தாமணிக்குப் பிள்ளை குட்டி கிடையாது. இந்த மலையில் அவளுக்கு இருந்தது அவர் ஒருவர்தான்.

நிறத்தைச் சொல்ல ஊரில் சிந்தாமணியை விட்டால் ஆளில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவள் கடை, சிந்தாமணி மேட்சிங் சென்டர். சுவர் முழுக்க ரவிக்கைத் துணி, தரையிலிருந்து கூரை வரை அடுக்கியிருக்கும். ஒரு சேலைத் தலைப்பைக் கொண்டுபோய் நீட்டினால் போதும், கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, “மேல இருந்து அந்த அரக்கை எடுங்க, அது இல்லை, அதுக்குப் பக்கத்துல, மிளகாய்ப் பழம்” என்பாள். ஏணியில் நிற்கும் குருநாதன் எடுத்துக் கொடுப்பார். வேலை முடிந்து வந்ததும் குளித்துவிட்டு அவர் ஏணியில் ஏறினால் கடை பூட்டும்வரை இறங்குவதில்லை. துணியை எடுத்துக் கொடுத்துவிட்டு அவள் தவறாமல் ஒன்று சொல்லுவாள்: “இங்க டியூப் லைட்டுல பார்த்து முடிவு பண்ணாதீங்க. வெளியில கொண்டுபோய் வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, அப்புறமா வாங்குங்க.” வாங்குகிறவர்கள் சேலையையும் துண்டையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்துபோய், வெயிலில் இரண்டையும் ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு வருவார்கள். பாதிப் பேர் வேறு துணி கேட்பார்கள். கடை வெளிச்சம் எல்லாவற்றையும் பொருத்திக் காட்டும், வெயில்தான் உள்ளதைச் சொல்லும் என்பது அவள் தொழிலுக்கு வேதம்.

ஊருக்கே பொருத்தம் பார்த்த அவளுக்கு, அவள் ரவிக்கை மட்டும் ஒரு நாளும் பொருந்தியதில்லை. விற்காமல் நின்ற துண்டு எதுவோ அதைத் தைத்துப் போட்டுக்கொள்வாள். நீலச் சேலைக்குச் செங்கல் ரவிக்கை, மஞ்சள் சேலைக்கு ஊதா ரவிக்கை. “மேட்சிங் சென்டரு, முதல்ல உனக்கு ஒண்ணு எடு” என்று நாங்கள் கேலி பண்ணாத நாள் கிடையாது.

கமிட்டிக்காரர்கள் கடைக்கு வந்து, “நீயே பார்த்துச் சொல்லிரு சிந்தாமணி, உன் வார்த்தைதான்” என்றார்கள். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது, பகலிலேயே டியூப் லைட் எரிந்தது. குருநாதன் சட்டையைக் கழற்றி ஸ்டூலில் உட்கார்ந்தார். சிந்தாமணி வெள்ளைத் துணி அடுக்கிலிருந்து சங்கு வெள்ளையை எடுத்து அவர் தோளில் வைத்தாள், தள்ளினாள். பால் வெள்ளையை வைத்தாள், தள்ளினாள். மூன்றாவதாக ஹாஃப் ஒயிட்டை வைத்தாள். பட்டணத்தில் படித்த டீச்சர் அது ஆஃப் ஒயிட் என்று திருத்துவார். எங்களுக்கு அது ஹாஃப் ஒயிட்தான், பாதி வெள்ளை. துணி விளிம்பும் தோளின் விளிம்பும் அந்த டியூப் லைட்டில் ஒன்றாகத்தான் தெரிந்தன.

“வெள்ளைதான்,” என்றாள் சிந்தாமணி. “ஹாஃப் ஒயிட். இருக்கிற வகை. எங்கயும் போகமாட்டாரு, இங்கதான் இருப்பாரு.”

வெளியில் கொண்டுபோய் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள் என்று அன்றைக்கு அவள் சொல்லவில்லை. மழையல்லவா, வெளிச்சத்துக்கு எங்கே போவது என்று நாங்களும் நினைத்துக்கொண்டோம். உண்மையில் அவளுக்கு ஒரு பதில் தேவைப்பட்டது, அந்தப் பதிலைக் கடை வெளிச்சம் கொடுத்தது, வாங்கிக்கொண்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

இருக்கிற வகை என்று ஆனதும் ஊருக்குப் பயம் போய்விட்டது, பயம் போனதும் ஆதாயம் கண்ணுக்குத் தெரிந்தது. குருநாதன் உட்கார்ந்த இடத்தில் ஈ வருவதில்லை. கொசு வருவதில்லை, கரப்பான் தலைகாட்டுவதில்லை, செல்லரித்த கதவுக்குப் பக்கத்தில் அவரை ஒரு மத்தியானம் உட்காரவைத்தால் செல் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. அதுவரை ஒரு காதுகுத்துக்குக்கூட யாரும் ஞாபகமாக அழைத்திராத மனுசனை, இப்போது வீட்டுக்கு வீடு தாம்பூலம் வைத்து அழைத்தார்கள். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள், கிடாவெட்டில் கறிச்சட்டிக்குப் பக்கத்தில் போட்டார்கள், பிறந்த குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். கோயில் கொடை விழாவில் முதல் மரியாதையே அவருக்குத்தான், சர்க்கரைப் பொங்கல் அண்டா பக்கத்தில் உட்கார்த்தி மாலை போட்டார்கள். அவரும் சலவைச் சட்டையைத் தோளில் கொஞ்சம் தளர்த்தி விட்டுக்கொண்டு, போன இடத்திலெல்லாம் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்தார். தேனீப் பெட்டி வைத்திருந்தவர்கள் மட்டும் அவர் வருகிற தெருவில் பெட்டியைப் போர்வையால் மூடிவிட்டு, வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார்கள்.

தேயிலை ஆராய்ச்சி நிலையத்திலிருந்து டாக்டர் நளாயினி வந்தது அப்போதுதான். பூச்சியைக் கொல்லும் பூசணங்களுக்குப் பெயர் வைப்பதுதான் அந்த அம்மாவின் வேலை. மழைக்கோட்டோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கி, குருநாதனைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி, தோளைக் காட்டச் சொல்லி, ஒரு செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துக் கண்ணாடித் துண்டில் பதித்து, கடை மேஜையிலேயே மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். “நூல் நூலா இருக்குங்க. விதை வைக்கலை. விதையைப் பார்க்காம என்னால பேர் சொல்ல முடியாது” என்றார்.

“வெள்ளைதானே டாக்டரம்மா?” என்றாள் சிந்தாமணி.

“இப்ப வெள்ளை. ஆனா இதுல நெறைய வகை சின்ன வயசுல வெள்ளையாத்தாங்க இருக்கும். விதை வைக்கும்போதுதான் சொந்த நிறம் வரும்.” அவர் எங்களையும் ஒவ்வொருவராக மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டார், கையோடு கொண்டுவந்திருந்த வேறு கண்ணாடிகளையும் காட்டினார். ஒன்றில் விதைகள் உருண்டை உருண்டையாக நூலைச் சுற்றி மொய்த்திருந்தன. ஒன்றில் நீள அரிசியைக் கோத்த மாதிரி வரிசையாக நின்றன. கொன்றுவிட்டு வருகிற பூசணம் வேறு, செத்த பிறகு வந்து குந்துகிற பூசணம் வேறு, இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் கஷ்டம் என்றார். அது எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அன்றிலிருந்து துக்க வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களையும் அப்படித்தான் பிரித்துப் பேசுகிறோம்.

போகும்போது அவர் குருநாதனின் பூசணத்தில் ஒரு சிட்டிகை எடுத்து, உருளைக்கிழங்குக் கஞ்சி உறைய வைத்த இரண்டு தட்டில் விதைத்து, ஒன்றைத் தான் வைத்துக்கொண்டு இன்னொன்றைச் சிந்தாமணியிடம் கொடுத்தார். “இருட்டுலயே இருந்தா இது வெள்ளையாவே நிக்கும். வெளிச்சம் காட்டிப் பாருங்க” என்றவர், வாசலில் நின்று யோசித்து, கேலியாகவும் இல்லாமல் நிஜமாகவும் இல்லாமல், “ஹாஃப் ஒயிட்ங்கிறீங்க, பாதி வெள்ளைன்னா மீதிப் பாதி என்னங்க?” என்று கேட்டார்.

சிந்தாமணிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசம் அந்தத் துணியை விற்றும் அவள் அதைக் கேட்டுக்கொண்டதில்லை. தட்டை வாங்கிக்கொண்டுபோய்க் கறுப்புத் துணிகளுக்கு நடுவில் செருகி வைத்தாள்.

ஆடி போய் ஆவணி வந்தது. குருநாதனுக்கு முழங்கை மடங்குவது குறைந்தது. பூசணம் தோளிலிருந்து கழுத்து வரை மெதுவாக ஏறி, புது மழையில் நனைந்த விறகு மாதிரி அவரிடம் ஒரு வாசனை வந்தது. பேச்சு முன்பே குறைவு, இப்போது இன்னும் குறைந்தது. ஏணியில் ஏறினால் கடை பூட்டிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், முன்பு நடுப்படியில் உட்காருவார், இப்போது கூரையைத் தலை முட்டும் மேல் படியில். துணி வாங்கப் போன பெண்கள் பார்த்துவிட்டு வெளியே வந்து கிசுகிசுத்தார்கள்.

“ஏற ஆரம்பிச்சுட்டாருடி.”

“மேல் தட்டுல துணி எடுக்க ஏறினாரு,” என்றாள் சிந்தாமணி, யாரும் கேட்காமலே. “அங்க கொஞ்சம் கதகதப்பா இருக்காம்.”

ஆனால் அவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் வீட்டில் ஸ்டூல்மேல் உட்கார்ந்தால் பகீரென்றது, வாசற்படி ஏறினால் பகீரென்றது. ஏறுற வகையென்றால் கீழ்நாடு, கீழ்நாட்டுக்கு அனுப்பாவிட்டால் ஊசிப்பாறை உச்சி. உச்சியில் பிடித்த பிடியை அந்த வகை விடாது என்று அவளுக்கும் தெரியும். பக்கத்தில் வைத்துக்கொள்ள உடம்புகூட மிஞ்சாது. இருக்கிற வகையென்றாலும் ஒரு நாள் நாற்காலியில் விறைத்து உட்காரப்போகிறவர்தான், ஆனால் அந்த நாற்காலி அவள் வீட்டில் இருக்கும், காலையில் எழுந்து தூசி தட்டலாம், ஏதாவது பேசலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். அந்த எறும்பின் குச்சிக்குப் பொருத்தமான ஆரஞ்சுத் துண்டு ஒன்றையும் அவள் ரகசியமாக வெட்டி முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள் என்று பிற்பாடுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒரு நாள் காலையில் மழை நின்றது.

ஊசிமட்டத்தில் மழை நிற்பது மற்ற ஊர்களில் நிற்பது மாதிரி இல்லை. கூரையில் அந்தச் சத்தம் நின்றதும் எல்லோரும் யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து வெளியே வந்துவிட்டோம், மேகம் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிட்டிருந்தது, மலை முழுக்கக் கழுவி வைத்த பாத்திரம் போலப் பளிச்சென்று இருந்தது, ஊசிப்பாறை அடி முதல் நுனி வரை வெயிலில் நின்றது. அதன் நுனியில் ஒரு மனுசன் நின்றார். பனியன்கூட இல்லாத வெற்று மேலோடு, உச்சியில் நட்டிருக்கும் சர்வே இரும்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

“ஐயையோ, பிடிச்சிட்டாரே” என்றார் மாசானம்.

யார் முதலில் உள்ளே ஓடினார்களோ தெரியாது, கொஞ்ச நேரத்தில் ஊரே குடையோடு வந்து பாறையடியில் நின்றது. மேகமே இல்லாத வானத்துக்குக் கீழே, நாங்கள் அத்தனை பேரும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றோம், விதை கொட்டினால் மேலே படாமல் இருக்கட்டும் என்று. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. டாக்டர் நளாயினிக்கு யாரோ போன் பண்ணியிருந்தார்கள், அவர் மட்டும் குடையில்லாமல் கையைக் கண்ணுக்குக் குறுக்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிந்தாமணி எங்களுக்கு நடுவில் புகுந்து போனாள். கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்ததும், அடுப்புக்கு மேல் கொடியில் எந்த ரவிக்கை காய்ந்திருந்ததோ அதை இழுத்து மாட்டிக்கொண்டு, கட்டியிருந்த சேலையோடு ஓடி வந்திருந்தாள். வாடாமல்லிச் சேலை, பாசிப்பச்சை ரவிக்கை, பார்க்கச் சகிக்கவில்லை. கையில் ஹாஃப் ஒயிட் துண்டு இருந்தது. பாறைப் படிகள் பாசி பிடித்து வழுக்கின, பாதியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். யாரும் கூடப் போகவில்லை.

மேலே நடந்ததை அவளே பிறகு கடையில் வைத்துச் சொன்னாள், கேட்டவர்கள் கேட்டவர்களுக்குச் சொன்னார்கள், அதனால் ஊரில் எல்லோருக்கும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரிதான்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் திரும்பவில்லை. கம்பியைப் பிடித்த கை வெளுத்திருந்தது. பிடி விழுந்துவிட்டது, இனி இந்தக் கையை யாராலும் பிரிக்க முடியாது என்று நினைத்துக்கொண்டாள்.

“என்னங்க.”

“வா சிந்தா,” என்றார் குருநாதன். “பாத்து வா, வழுக்குது.”

“எதுக்குங்க இங்க ஏறி வந்தீங்க? யாரு உங்களை ஏறச் சொன்னா?”

“நீதான்.”

“நானா?”

“ஏணியில நின்னு தினமும் கேக்குறேனே,” என்றார் அவர். இந்த மழை முழுக்கச் சேர்த்து அவர் பேசிய பேச்சை விட அது நீளமாக இருந்தது. “வெளியில கொண்டுபோய் வெளிச்சத்துல வச்சுப் பாருங்கம்ப. எல்லாருக்கும் சொன்ன, என்னை மட்டும் டியூப் லைட்டுல பாத்துட்ட. ஊருக்குள்ள பூரா நெழலு, வெயிலு இங்கதான் மொதல்ல விழும். அதான் வந்தேன். வச்சுப் பாரு.”

“கை ஏங்க கம்பியைப் பிடிச்சிருக்கு?”

“பிடிச்சுக்கலைன்னா காத்து தள்ளிருதும்மா.”

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு ஹாஃப் ஒயிட்டை அவர் தோளில் வைத்தாள். வெயிலில் பார்த்தால் பொருந்தவில்லை. சுத்தமாகப் பொருந்தவில்லை, குழந்தைகூடச் சொல்லிவிடும். இத்தனை மாதமாக அவள் நம்பியிருந்தது அவள் விரலிடுக்கில் வெறும் துணியாகக் கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்தாள், ஆரஞ்சுத் துண்டை எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்தாள். அதுவும் பொருந்தவில்லை. அவள் கடையில் இருந்த துணியெல்லாம் மனசுக்குள் ஓடியது, எதை எடுப்பது, எதை வைப்பது, ஒன்றும் புரியவில்லை, இரண்டு துண்டையும் காற்றில் விட்டுவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டு தோளில் சாய்ந்து அழுதாள்.

அழுது ஓய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் அவளுக்கு அது தெரிந்தது. எங்கே தன் ரவிக்கைக் கை முடிகிறது, எங்கே அவர் தோள் தொடங்குகிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. வெள்ளைக்குள்ளிருந்து, வெயில் பட்ட பக்கத்திலிருந்து, மெதுமெதுவாக, ஈரத் துணியில் சாயம் ஊறுவது போல நிறம் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அசையாமல் இருந்தாள். நூலிழை வித்தியாசமில்லை. வருசக்கணக்காக யாரும் வாங்காமல் தட்டில் கிடந்து, விற்காமல் போனதால் அவளே தைத்துப் போட்டுக்கொண்ட பாசிப்பச்சை.

“மீதிப் பாதி,” என்றாள் அவள்.

“என்ன?”

“பச்சைங்க. நீங்க பச்சை.” அவள் தன் ரவிக்கைக் கையை இழுத்துக் காட்டினாள். “இறங்குற வகைங்க நீங்க.”

குருநாதன் தன் தோளைக் குனிந்து பார்த்தார், அவள் ரவிக்கையைப் பார்த்தார், வெகு நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப இறங்கிரலாமா?” என்று கேட்டார்.

கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஒரு விரல், பிறகு ஒரு விரல், குளிரில் மரத்த விரல்கள் எடுத்துக்கொள்ளும் நேரம்தான் எடுத்துக்கொண்டன. அவள் முன்னால் நின்று கை கொடுத்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார்கள். அவர் தோளிலிருந்து பச்சைப் பொடி காற்றில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வெயிலில் மினுங்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தது, வந்து எங்கள் குடைகளுக்கு மேல் போய்த் தேயிலைக்குள் இறங்கி மண்ணில் அடங்கியது. யார் முதலில் குடையை மடக்கினார்கள் என்று ஞாபகமில்லை, ஒவ்வொருவராக எல்லோரும் மடக்கினோம்.

அவர்கள் பாறையடிக்கு வந்ததும் டாக்டர் நளாயினி ஒரு டேப்பை ஒட்டி எடுத்து, அங்கேயே ஒரு கல்மேல் மைக்ராஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். நீள அரிசியைக் கோத்த மாதிரி வரிசை வரிசையாக விதை. “பச்சையேதான்,” என்றார். “என் தட்டும் இந்த மழை வெளிச்சத்துல வெள்ளையாவே நின்னுச்சு. வெயிலுக்குத்தான் காத்திருந்திருக்கு.”

“பச்சைன்னா மண்ணுக்குள்ள போயிருமே,” என்றார் மாசானம், கவலையோடு. “எப்பம்மா இறங்குவாரு?”

டாக்டர் கண்ணை எடுக்காமலே சொன்னார். “அதுக்கு என்னங்க அவசரம்? மண்ணு எங்கயும் போயிடாதே.”

மாசானம் கொஞ்சம் யோசித்தார். அங்கே நின்ற எல்லோருமே கொஞ்சம் யோசித்தோம். என்றைக்கோ ஒரு நாள் மண்ணுக்குள் போகிற வகை என்றால், அந்தக் கூட்டத்தில் அந்த வகையில் சேராதவர் யார் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை மாதம் நாங்கள் அவரைத் தனியாக உட்காரவைத்து வகை பார்த்திருக்கிறோம். எங்கள் வகையாகத்தான் இருந்திருக்கிறார். 

 மாசானம்தான் மடக்கிய குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அண்ணே, சாயந்தரம் நம்ம மருமகளுக்கு வளைகாப்பு. ஈக்காக இல்லை. சும்மா வந்து சாப்பிட்டுட்டுப் போங்க” என்றார்.

“வர்றேன்,” என்றார் குருநாதன்.

அவர்கள் இரண்டு பேரும் கடைப் பக்கமாக நடந்தார்கள், அவர் பச்சைத் தோளும் அவள் பச்சைக் கையும் ஒட்டியபடி. அந்த வாடாமல்லிச் சேலைக்கும் அந்தப் பாசிப்பச்சை ரவிக்கைக்கும் எந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாலும் பொருத்தமே கிடையாது. அன்றைக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை.